செல்லம், லெட்சுமணன், காளியப்பன் எங்கே?

"உன் மக இனி வரமாட்டா. அந்த லெட்சுமணன் பயலோட சிங்கப்பூருக்கு ரயிலேறிட்டா. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

பெரிய கங்காணியின் ஆள் வாசலில் நின்று இதைச் சொன்னபோது அங்கம்மா சட்டியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஐயாசாமி, சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். கருவாடு கருகி வீடு முழுக்கப் புகை மண்டியது. சொல்ல வந்தவன் இருமிக்கொண்டே போய்விட்டான்.

பாலோ டவுனிலிருந்து ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல் தள்ளி இருந்தது கரடிமேட்டு ரப்பர் தோட்டம். கூலிகளுக்கு வரிசை வீடுகளாக மேட்டில் ஒரு லயம், பள்ளத்தில் ஒரு லயம். யார் எந்த லயத்தில் இருக்க வேண்டும் என்பதை ஊரிலிருந்து கப்பலேறி வந்த சாதியே தீர்மானித்தது. அங்கம்மா பள்ளத்து லயம். ஆயாக்கொட்டகையில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாற்பது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் அழுதாலும் அதற்கு மேலே கேட்கும் குரல் அவளுக்கு. அந்தக் குரலைக் கேட்டால் ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மாடு கூடத் தலையைத் தூக்கும் என்று தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"அழாதே, சத்தம் போடாதே," என்றான் ஐயாசாமி சுவரிடம். "வெளியில தெரிஞ்சா அவ்வளவுதான்."

"நான் எங்கய்யா அழறேன்? யோசிக்கிறேன்." அங்கம்மா சட்டியை இறக்கினாள். "மாத்துச்சேலை கொடியில தொங்குது. புஸ்தகம் பொட்டி மேல இருக்கு. ஓடிப்போறவ உலை வச்சு சோறு வடிச்சுட்டா போவா? அது கிடக்கட்டும், காளியப்பனையும் காலையிலருந்து காணோமாம். ஒருத்தி எதுக்குய்யா ரெண்டு பேரோட ஓடணும்?"

ஐயாசாமி சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கால் கழுவப் போனான்.

செல்லத்துக்குப் பதினாறு வயது. லெட்சுமணனுக்குப் பதினெட்டு, காளியப்பனுக்குப் பதினேழு. மூவரும் பள்ளத்து லயத்துப் பிள்ளைகள். விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு மதியத்துக்கு மேல் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் மேட்டு லயத்துப் பிள்ளைகள் பித்தளைச் செம்பில் தண்ணீர் குடிக்கும். பள்ளத்து லயத்துப் பிள்ளைகள் கொட்டாங்கச்சியை நீட்ட, தூரத்திலிருந்து அதில் ஊற்றுவார்கள். இது தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி சின்னத்தம்பியின் உத்தரவு.

செவ்வாய்க்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வண்டியைவிட்டு இறங்கியபோது, கங்காணி வீட்டு வாசலில் மாவிலைக்குப் பதிலாகப் பள்ளத்து லயத்துப் பிள்ளைகளின் இருபத்தேழு கொட்டாங்கச்சிகள் வரிசையாகக் கோத்துத் தொங்கின. காற்றில் அவை ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் வேறு. சம்பந்தியம்மாள் அதை ஏதோ புதுமாதிரித் தோரணம் என்று நினைத்து, "நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அதைக் கட்டிய மூன்று பேர் யார் என்று கங்காணி ராத்திரிக்குள் தெரிந்துகொண்டார். புதன்கிழமை காலையில் மூன்று பேரையும் காணவில்லை.

அன்று பிற்பகல் ஆயாக்கொட்டகைக்கு ஜாகாக்காரர் வந்தார். தோட்டம் முழுக்க அவரைப் பாக் தாலிப் என்று மரியாதையாகக் கூப்பிடும். பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து சைக்கிளில் வந்து தோட்டத்துக்குக் காவல் இருக்கிற மலாய்க்கார முதியவர். அங்கம்மாவின் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"கஞ்சி மிச்சம் இருக்கா? மூணு குவளை."

"உங்களுக்கு எதுக்கு பாக் மூணு குவளை?"

"பசி லா."

"மூணு குவளை பசியா?"

"அலமாக்! நான் ஒண்ணும் சொல்லல. கங்காணிகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன். சொல்லல." அவர் கஞ்சியை வாங்கிக்கொண்டு நடந்தார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். "நான் மெதுவாத்தான் நடப்பேன். முழங்கால் வலி."

அவர் முன்னே நடந்தார். அங்கம்மா பத்தடி பின்னே நடந்தாள். முழங்கால் வலிக்காரர் வளைவுக்கு வளைவு நின்று, அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டார். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவதற்குப் புதுக்கொட்டகை கட்டியபிறகு சும்மா கிடந்த பழைய புகைக்கொட்டகையின் முன்னால் போய் நின்றார். கதவில் கைப்பிடி அளவு பூட்டு.

"செல்லம்!" என்று அங்கம்மா ஒரு குரல் கொடுத்தாள். கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அம்மா! நாங்க மூணு பேரும் இங்கதான் இருக்கோம்!"

அந்தக் குரல் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பலகைச் சந்தில் விரலை நுழைத்தாள். உள்ளேயிருந்து ஒரு விரல் வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"அடிச்சாங்களா?"

"என்னை அடிக்கல. லெட்சுமணனைத்தான் பிரம்பால..." செல்லத்தின் குரல் சற்று இறங்கியது. "முதுகு கிழிஞ்சிருக்கும்மா. குப்புறப் படுத்திருக்கான். நாளைக்கு காளியப்பனுக்காம். திருட வந்தோம்னு காகிதத்தில கையெழுத்துக் கேக்கிறாங்க. போடலன்னா சனிக்கிழமை லாரியில ஏத்தி, ரயில்ல தூக்கிப் போட்டு எங்கேயோ அனுப்பிடுவாங்களாம்."

அங்கம்மாவின் குரலைக் கேட்ட பெரிய கங்காணியும் வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு.

"இங்க யாரும் இல்ல, போ," என்றார்.

"இருக்கோம்!" என்றது கொட்டகை.

கங்காணி அந்தப் பக்கம் திரும்பாமல் அங்கம்மாவின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் அப்படி அன்பாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இந்தா பாரு அங்கம்மா. வயசுப் பொண்ணு. ரெண்டு தடிப்பயலுகளோட ஒரே கொட்டகையில இருக்கா. வெளியில தெரிஞ்சா எவன் கட்டுவான்? உன் மக பேரு கெடக்கூடாதுன்னுதான் ரகசியமா வச்சிருக்கேன். நீ கூவினா கெடப்போறது என் பேரில்ல."

அங்கம்மா வீட்டுக்கு நடந்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. பூட்டினவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பூட்டப்பட்டவளைத்தான் ஊர் வாயில் போட்டு மெல்லும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பூட்டைவிடப் பெரிய பூட்டு அதுதான்.

அந்தி சாயும்போது லெட்சுமணனின் தாய் கருப்பாயி வந்தாள். ஐயாசாமி இருவரையும் கும்பிட்டான்.

"பேசாம இருங்க தாயி. கால்ல விழுந்து கேட்டா விட்டுடுவாரு. பொம்பளப்புள்ள பேரை வெளியில சொல்லாதீங்க."

"பேசாம இருந்தா சனிக்கிழமை லாரி வருமே," என்றாள் கருப்பாயி. "அப்புறம் எம்புள்ள இருந்தானா இல்லையான்னே ஒருத்தருக்கும் தெரியாதே."

அங்கம்மா வெகுநேரம் மகளின் மாத்துச்சேலையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"புள்ள இருந்தாத்தானேய்யா பேரு கெடும்," என்றாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. ஆபீஸ் முன்னால் முந்நூறு பேர் வரிசையில் நிற்க, கணக்கு எழுதும் கிராணியார் மேசை விளக்கு வெளிச்சத்தில் பேர் கூப்பிடுவார். அவர் பக்கத்தில் பெரிய கங்காணி.

"அங்கம்மா!"

"வந்திருக்கேன் சாமி. செல்லம், லெட்சுமணன், காளியப்பன் எங்கே?"

கிராணியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உன் பேரைத்தான் கூப்பிட்டேன்."

"என் பேருக்குத்தான் வந்திருக்கேன்னு சொன்னேனே. அவங்க மூணு பேரும் வர முடியல. பழைய புகைக்கொட்டகையில போட்டுப் பூட்டியிருக்கு."

கங்காணியின் பிரம்பு பூட்ஸில் ஒருமுறை தட்டியது. கிராணியார் அவசரமாக அடுத்த பேருக்குப் போனார்.

"கருப்பாயி!"

"வந்திருக்கேன். செல்லம், லெட்சுமணன், காளியப்பன் எங்கே?"

அடுத்து நின்றவன் ஒரு வாலிபன். முதல்நாள்தான் கங்காணியிடம் அறை வாங்கியிருந்தான். சற்றுத் தயங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதையே ஒப்பித்தான். நாலாவது ஆளுக்குத் தயக்கம் குறைந்தது. பத்தாவது ஆள் அதை ராகம் போட்டுச் சொன்னான். யாரோ களுக்கென்று சிரிக்க, அந்தச் சிரிப்பு வரிசையோடு ஓடியது. பயந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கங்காணி "யார்ரா அது?" என்று ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கத்தில் வெடித்தது. அவர் பெயர் சின்னத்தம்பி என்பதே அன்றைக்குத்தான் பலருக்கு வேடிக்கையாகப் பட்டது.

"ஐயாசாமி!"

ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கேன்," என்று மட்டும் சொன்னான். அங்கம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு கணம்தான் அன்று காலை அவளுக்கு நெஞ்சு வலித்தது.

கடைசியில் மேட்டு லயத்து வரிசை வந்தது. பேச்சியம்மாள் என்ற விதவை. பள்ளத்து லயத்து ஆட்களைக் கண்டால் சேலையை ஒதுக்கிக்கொண்டு நடக்கிறவள். அவள் பேரைக் கூப்பிட்டதும் கங்காணிக்குப் போன உயிர் திரும்பியது.

"வந்திருக்கேன்," என்றாள் பேச்சியம்மாள். பிறகு, "ஆமா, அந்தப் பொண்ணு எங்கே? போன மாசம் என் தம்பி காகிதத்தை எனக்குப் படிச்சுச் சொன்னது அதுதான்," என்றாள்.

அங்கம்மா பெண்களைக் கூட்டி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இருட்டுற வரைக்கும் அந்தக் கொட்டகையை ஒரு நிமிஷமும் தனியா விடக்கூடாது. நாலு பேரு பார்க்கிற இடத்தில எவனும் பிரம்பு எடுக்கமாட்டான்."

அன்றைக்குக் கரடிமேட்டுத் தோட்டத்தில் காணாமல் போகாத கோழியே இல்லை. எல்லாக் கோழிகளையும் பழைய புகைக்கொட்டகைப் பக்கம்தான் தேடினார்கள். கோழியே வளர்க்காதவர்கள் கூடத் தேடினார்கள். ஒருத்தி விறகு பொறுக்கினாள். ஒருத்திக்குக் காலில் முள் குத்தி அங்கேயே உட்கார்ந்து அரை மணி எடுத்தாள். கஞ்சி, தோசை, அவித்த மரவள்ளி என்று பலகைச் சந்து வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே போனது போக மிச்சத்தைப் பாக் தாலிப் சாப்பிட்டார். சாயங்காலத்துக்குள் இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டார். இருட்டியதும், "போங்க, போங்க, நான் கதவு குறுக்கே படுத்துக்கிறேன். என்னைத் தாண்டி யார் போவாங்க லா," என்று பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்.

கங்காணியின் எழுத்தாள் நாலு மணிக்குக் காகிதத்தோடு வந்தபோது வெளியே பதினோரு பெண்கள் கோழி தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் சந்து வழியாகக் காகிதத்தை நீட்டினான். உள்ளேயிருந்து செல்லம் அதை உரக்கப் படித்தாள்.

"'நாங்கள் கங்காணி ஐயா வீட்டில் திறுட வந்தோம்.' அண்ணே, திருட்டுக்குச் சின்ன 'ரு'. பெரிய 'று' போட்டிருக்கீங்க. இதில நாங்க கையெழுத்துப் போடமாட்டோம்."

"சின்ன 'ரு' போட்டாலும் போடமாட்டோம்," என்றான் லெட்சுமணன், குப்புறப் படுத்தபடியே.

பதினோரு பெண்களும் மரங்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழுத்தாள் காகிதத்தைத் திரும்பக் கேட்டான். திருத்திக்கொண்டிருக்கிறோம், முடியவில்லை என்று பதில் வந்தது.

அதே நேரம் அங்கம்மாவும் கருப்பாயியும் ஐந்து கட்டை நடந்து பாலோவில் இருந்தார்கள். மளிகைக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் சொன்னார்கள். அவர் பேர்களைத் தம் வாய்க்கு ஏற்றபடி இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். லாரிக்காரனிடம் சொன்னார்கள். ரயில் ஸ்டேஷனுக்குப் போய், "சாமி, சனிக்கிழமை மூணு பிள்ளைகளை யாராச்சும் ரயிலேத்தக் கூட்டிட்டு வந்தா, பேரை மட்டும் கேளுங்க. பேரு செல்லம், லெட்சுமணன், காளியப்பன்," என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கவில்லை. எழுதி மேசைமேல் ஒட்டிக்கொண்டார். மகளின் பேரைச் சந்தைத் தெருவில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தபோது, நாலைந்து பேர் நின்று முகம் சுளித்தது அங்கம்மாவுக்குத் தெரிந்தது. இன்னும் சற்று உரக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வரும் நாள். டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளின் நாக்கையும் கண்ணையும் பார்ப்பார். தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரையும் கூட வருவார். துரைக்குத் தமிழில் வேலை ஏவுகிற வார்த்தைகள் மட்டும் தெரியும்.

டாக்டர் முதல் பிள்ளையை வாயைத் திற என்றதும், நாற்பது பிள்ளைகளும் கை தட்டிக்கொண்டு ஆரம்பித்தன.

"செல்லம் எங்கே?"

"புகைக்கொட்டகை!"

"லெட்சுமணன் எங்கே?"

"புகைக்கொட்டகை!"

நடக்கத் தெரியாத குழந்தைகள் தூளியில் கிடந்தபடி "கொட்டகை, கொட்டகை" என்றன. துரை ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று நினைத்துத் தாளம் போட்டார். டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவர் தாளம் போடவில்லை.

"ஆர் செல்லம்?" என்று அங்கம்மாவைக் கேட்டார்.

"என் மக சாமி. மூணு நாளாப் பூட்டி வச்சிருக்காங்க. ஒரு பையனுக்கு முதுகில காயம். நீங்க வைத்தியம் பார்க்கணும்."

டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. தம் தோட்டத்தில் அப்படி யாரும் இல்லை என்றார். அப்படியானால் போய்ப் பார்த்துவிடலாமே என்று டாக்டர் எழுந்தார். நாற்பது பிள்ளைகளும் பாட்டோடு பின்னால் கிளம்பின.

கொட்டகை வாசலில் பெரிய கங்காணி வியர்த்துக்கொண்டு நின்றார். "சாவி தொலைஞ்சு போச்சு துரை."

"சாவி இங்க இருக்கு துவான்," என்று பாக் தாலிப் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கங்காணி மறந்துட்டார் லா."

கதவு திறந்தது. செல்லம் வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையை நெற்றியில் வைத்தாள். பின்னால் காளியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு லெட்சுமணன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டர் தண்ணீர் வைத்து மெல்லப் பிரித்தார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. கருப்பாயி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"இவங்க திருடங்க. எழுதிக் கொடுத்திருக்காங்க," என்றார் கங்காணி.

காளியப்பன் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து டாக்டரிடம் கொடுத்தான். கையெழுத்து இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அடுப்புக்கரியால் ஒன்பது பிழைகள் திருத்தி, அடியில் 'பத்துக்கு மூன்று. இன்னும் நன்றாகப் படிக்கவும்' என்று எழுதியிருந்தது. டாக்டர் அதைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டார். அதோடு பள்ளத்து லயம் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

தவுக்கேக்கும் ஸ்டேஷனுக்கும் தெரிந்துவிட்ட விஷயம், டாக்டர் குறிப்பிலும் ஏறிவிட்டது. அதனால் துரை நியாயம் வழங்கினார். பெரிய கங்காணி இனி இப்படிச் செய்யக்கூடாது. அவர் வேலை அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரே செம்பு. மூன்று மாணவர்களும் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு வராததால், விதிப்படி அவர்கள் பேர் நீக்கப்படும்.

அடுத்த மாதம் கங்காணி மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாள் மேளம். துரையே வந்து மாலை போட்டார். பந்தலுக்கு வெளியே தனிப்பந்தியில் சாப்பிட்ட பெக்கான் நானாஸ் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், அப்படியே பள்ளத்து லயத்தில் ஒரு பெண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கம்மா வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வெள்ளையம்மா இரண்டு அன்னாசிப்பழங்களைக் கொண்டுவந்து வைத்தாள். செல்லம் கொடுத்த காப்பியைக் குடித்தாள். பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அந்த மூணு நாள் விஷயம்தான் கொஞ்சம் இடிக்குது. பாலோ சந்தையில பேரைச் சொல்லிக் கூவினாங்களாமே. எனக்கு ஒண்ணுமில்ல, ஊர் வாய்தான். ஒண்ணு செய்யலாம். கல்யாணத்துக்கு அப்புறம் லெட்சுமின்னு பேரை மாத்திடலாம். அந்தச் செல்லம் வேற யாரோன்னு போயிடும்."

"கங்காணி வீட்டில பந்தி நல்லா இருந்துச்சா?" என்று அங்கம்மா கேட்டாள்.

"ஏ ஒன்! பாயசம் மட்டும் ரெண்டு வகை. பெரிய மனுஷர்."

செல்லம் காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அத்தை, பேரை மாத்திட்டா, நாளைக்கு என்னை எங்கேயாச்சும் பூட்டினா எங்கம்மா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்?"

வெள்ளையம்மா, வீட்டுத் தலைவனிடமாவது நியாயம் கிடைக்கும் என்று ஐயாசாமியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே."

மூலையில் உட்கார்ந்திருந்த ஐயாசாமி எழுந்தான். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். குரல், மேட்டு லயத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் ஒரு கணம் கையை நிறுத்திப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

"எம்மக பேரு செல்லம்."

வந்தவர்கள் போய்விட்டார்கள். அவசரத்தில் அன்னாசிப்பழங்களை மறந்துவிட்டார்கள். ஐயாசாமி அரிவாளை எடுத்து ஒன்றை அறுத்தான். காயிலேயே பறித்த பழம். நாக்கு கூசும் புளிப்பு. மூவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, அதை மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.